150 வெள்ளிக்குள் பயண டிரைபாட்: எதைப் பார்த்து வாங்குவது?

#1 பொங்கோல்வாசி

வணக்கம். டிசம்பர் பள்ளி விடுமுறையில் அப்பா அம்மாவை அழைத்துக்கொண்டு ஊருக்குப் போகிறேன். ஸ்கூட் விமானத்தில் திருச்சி, அங்கிருந்து தஞ்சாவூர், கும்பகோணம், கடைசியாகக் கொடைக்கானல். கேமரா சோனி ஏ6400, லென்ஸ் 18-135. இரண்டையும் சேர்த்தாலும் முக்கால் கிலோவைத் தாண்டாது.

டிரைபாட் எதற்கென்றால், குடும்பப் படத்தில் நானும் நிற்க வேண்டும். எங்கள் வீட்டு ஆல்பத்தைப் பார்ப்பவர்கள் இந்தக் குடும்பத்துக்கு மகனே இல்லை என்றுதான் நினைப்பார்கள். அப்புறம் கொடைக்கானலில் நட்சத்திரம் எடுக்க ஆசை. கிளம்புவதற்கு முன்னால் இங்கே சிங்கப்பூரில், தேக்காவில் தீபாவளி ஒளியூட்டும் எடுக்க வேண்டும். 150 வெள்ளிக்கு மேல் முடியாது. "லென்ஸோடு நிறுத்திக்கொள்" என்று வீட்டில் ஏற்கெனவே எச்சரிக்கை வந்தாயிற்று.

ஷாப்பி இணையக் கடையில் தேடினால் 30 வெள்ளிக்கும் இருக்கிறது, 300க்கும் இருக்கிறது. 45 வெள்ளிக்கு விற்பதில்கூட "15 கிலோ தாங்கும்" என்று போட்டிருக்கிறார்கள். கார்பனா, அலுமினியமா? என் உயரம் 175 செ.மீ. குனியாமல் பார்க்கிற அளவுக்கு இருந்தால் நல்லது. உருப்படியாக யாராவது வழி சொல்லுங்கள்.

#2 எட்டாம்மாடி

30 வெள்ளி ரகத்தை விட்டுவிடுங்கள். மூன்று கால்களையும் நடுவில் பிளாஸ்டிக் பட்டை இணைத்திருக்குமே, அது. கைபேசிக்குப் போதும், கேமராவுக்குப் போதாது. செங்குத்தாகத் திருப்பி வைத்தால் லென்ஸ் மெல்லத் தலை குனியும்.

கே அண்ட் எஃப், உலான்சி, நீவர் இந்த மூன்றிலும் தேடிப் பாருங்கள். உங்கள் பணத்துக்குள் ஏதாவது ஒன்று அமையும். நவம்பர் 11-இல் வரும் 11.11 இணைய விற்பனை வரை பொறுத்தால் இன்னும் கொஞ்சம் இறங்கும்.

#3 இருட்டறை

தம்பி, பிராண்டுப் பெயரில் தொடங்க வேண்டாம். பெட்டியில் அச்சடித்திருக்கும் எண்களில் எதை நம்புவது, எதைத் தள்ளுவது என்று தெரிந்துவிட்டால் பிராண்டு தானாக வந்து நிற்கும்.

முதலில் அந்த "15 கிலோ". இதற்குப் பொதுவான அளவுகோல் ஒன்றும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தனக்குத் தோன்றிய வகையில் சோதித்து எழுதிக்கொள்வது. மேலே அரிசி மூட்டையை வைத்தால் கால் முறியாது என்பது வேறு, கேமராவை வைத்துப் பத்து விநாடி ஷட்டரைத் திறந்துவைத்தால் அசையாமல் நிற்கும் என்பது வேறு. உங்கள் கேமராவும் லென்ஸும் 728 கிராம். எடை உங்களுக்குப் பிரச்சினையே இல்லை. ஆட்டம்தான் பிரச்சினை.

ஆட்டத்தைத் தீர்மானிப்பது காலின் கடைசிக் குழாய். மேல் குழாய் 22 மில்லிமீட்டர் என்று பெருமையாகப் போடுவார்கள். கால் என்பது ஒன்றுக்குள் ஒன்று நுழையும் குழாய்கள், ஒவ்வொரு குழாயும் ஓர் அடுக்கு. ஒவ்வொரு அடுக்குக்கும் 3, 4 மில்லிமீட்டர் குறைந்துகொண்டே வரும். ஐந்து அடுக்கு என்றால் தரையைத் தொடுவது பென்சிலைவிடச் சற்றே தடித்த குழாய். ஒரே கனமுள்ள தகட்டில் செய்த குழாயின் விட்டம் பாதியானால் அதன் விறைப்பு பாதியாகாது, ஏறக்குறைய எட்டில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் ஐந்து அடுக்கு டிரைபாட்டை முழுக்க விரித்துவிட்டுக் காலை விரலால் சுண்டினால் கேமரா "ஆமாம், ஆமாம்" என்று தலையாட்டிக்கொண்டே இருக்கிறது. நான்கு அடுக்கு மடித்தால் ஓரிரு அங்குலம் நீளம் கூடும், அவ்வளவுதான். என்னைக் கேட்டால் 150 வெள்ளி விலையில் நான்கு அடுக்கைத் தாண்டாதீர்கள்.

அடுத்தது உயரம். "அதிகபட்சம் 160 செ.மீ." என்பது கால்களுக்கு நடுவில் மேலே இழுக்கும் நடுத்தண்டை முழுக்க உயர்த்திய கணக்கு. நடுத்தண்டைத் தூக்கினால் மூன்று கால் போய் ஒற்றைக் காலில் கேமரா நிற்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். விவரப் பட்டியலில் கீழே எங்காவது நடுத்தண்டைத் தூக்காத உயரம் என்று ஒன்று இருக்கும். அதுதான் உண்மையான உயரம். அதைப் போடாமல் விட்டிருந்தால் அதுவும் ஒரு தகவல்தான்.

#4 பொங்கோல்வாசி

மிக்க நன்றி அண்ணே. அப்படியென்றால் 175 செ.மீ. ஆளுக்கு நடுத்தண்டு இல்லாமல் 160 வேண்டுமே? அப்படித் தேடினால் எல்லாமே இரண்டு கிலோ, மடித்தாலும் 60 செ.மீ. என்று வருகிறது.

#5 இருட்டறை

வேண்டாம், வேண்டாம். கணக்கை இப்படிப் போடுங்கள். உங்கள் கண் மட்டம் தரையிலிருந்து சுமார் 163. கால்களின் உச்சியில் கேமராவைத் தாங்கித் திருப்பும் பந்துத் தலை 8 முதல் 10 செ.மீ. சேர்க்கும். அதற்கு மேல் கேமராவின் வியூஃபைண்டர் இன்னும் 6, 7. ஆக, கண் மட்டத்துக்கே வேண்டுமென்றாலும் கால்கள் மட்டும் 147 இருந்தால் போதும். கம்பெனி சொல்லும் உயரத்தில் தலையும் சேர்ந்திருக்கும், அதையும் கவனியுங்கள்.

ஆனால் உங்கள் ஏ6400-ல் திரை மேல்நோக்கித் திரும்புகிறதே. டிரைபாட்டில் வைத்துவிட்டு யார் வியூஃபைண்டரில் கண்ணை வைக்கிறார்கள்? திரையைச் சாய்த்து மேலிருந்து பார்க்கலாம். தலையோடு சேர்த்து, நடுத்தண்டைத் தூக்காமல் 125 முதல் 130 வந்தால் உங்களுக்குப் போதும். குடும்பப் படத்துக்கு அதுவே நல்ல உயரம். நெஞ்சு மட்டத்திலிருந்து எடுத்தால் உட்கார்ந்திருப்பவர் முகமும் சரியாக வரும்.

கடைக்குப் போகும்போது இவ்வளவு மனத்தில் வைத்தால் போதும்: நான்கு அடுக்கு, மேல் குழாய் 22க்குக் குறையாமல், மடித்தால் 45 செ.மீ.க்குள், எடை ஒன்றரை கிலோ அக்கம்பக்கம்.

#6 கைநடுக்கம்

ஒரு மாற்றுக் கருத்து. எதற்கு இத்தனை பாடு? இப்போது வரும் கேமராக்களில் உடலுக்குள்ளேயே நிலைப்படுத்தி இருக்கிறது. கை நடுக்கத்தை அதுவே சரிசெய்துவிடும். நான் மரீனா பேயில் சுவரில் சாய்ந்துகொண்டு அரை விநாடி, ஒரு விநாடி எல்லாம் கையிலேயே எடுக்கிறேன். டிரைபாட் வாங்கியவர்களில் பாதிப் பேருடையது கட்டிலுக்கடியில் கிடக்கிறது. அந்த 150 வெள்ளியில் கொடைக்கானலில் நல்ல அறையாகப் பாருங்கள்.

#7 எட்டாம்மாடி

> இப்போது வரும் கேமராக்களில் உடலுக்குள்ளேயே நிலைப்படுத்தி இருக்கிறது

ஏ6400-ல் இல்லையே சார். 18-135 லென்ஸில் மட்டும்தான் இருக்கிறது. அதுவும் ஒரு விநாடிக்கெல்லாம் வராது. நட்சத்திரத்துக்கு 15 விநாடிக்கு மேல் வேண்டும். குடும்பப் படத்துக்கு நிலைப்படுத்தி என்ன செய்யும்? எழுந்து வந்து பொத்தானை அமுக்குமா?

#8 கைநடுக்கம்

சரி, அந்தக் கடைசிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. :) ஆனால் கட்டிலுக்கடி விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான். எடுத்துப்போகாத டிரைபாட் எவ்வளவு உறுதியாக இருந்தால் என்ன?

#9 மழைநாள்

கைநடுக்கம் சொல்வதில் பாதி உண்மை. கனமாக இருந்தால் காலையில் பையை எடுக்கும்போதே "இன்னிக்கு வேணாம்" என்று மனம் சொல்லிவிடும். நான் கார்பன் வைத்திருக்கிறேன், ஆனால் இந்த பட்ஜெட்டுக்கு அதைச் சிபாரிசு செய்யமாட்டேன்.

ஒரே அளவுள்ள பயண டிரைபாட்டில் அலுமினியத்துக்கும் கார்பனுக்கும் 200, 300 கிராம்தான் வித்தியாசம். பீக் டிசைனை எடுத்துக்கொள்ளுங்கள். 2019-ல் கிக்ஸ்டார்ட்டரில் வந்தது. அலுமினியம் 1.56 கிலோ, கார்பன் 1.3 கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அந்தக் கால் கிலோவுக்கு அறிமுக விலையில் 250 அமெரிக்க டாலர் வித்தியாசம். அதிர்வு கார்பனில் சீக்கிரம் அடங்கும் என்பது உண்மை, குளிரில் தொட்டால் சில்லென்று இருக்காது என்பதும் உண்மை. கொடைக்கானல் டிசம்பர் இரவில் அதை உணர்வீர்கள்! ஆனால் மலிவான கார்பனில் பெரும்பாலும் அந்தப் பணத்தைக் குழாய்க்குச் செலவழித்துவிட்டுத் தலையிலும் கால் குழாய்களின் பூட்டிலும் மிச்சம் பிடித்திருப்பார்கள். 150 வெள்ளி கார்பனின் பந்துத் தலையைவிட 150 வெள்ளி அலுமினியத்தின் பந்துத் தலை நன்றாக இருப்பதற்கே வாய்ப்பு அதிகம். காலைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம், தலையை யாரும் சொல்லவில்லையே?

#10 இருட்டறை

சொல்லுங்கள் அக்கா, உங்களுக்குத்தான் அது நன்றாக வரும்.

#11 மழைநாள்

சரி, சொல்கிறேன்.

பந்துத் தலையில் மூன்று விஷயம் பாருங்கள். ஒன்று, கேமராவை வைத்துக் காட்சியை ஒழுங்குபடுத்திவிட்டுத் திருகை இறுக்குங்கள். கையை எடுத்ததும் காட்சி ஒரு விரற்கடை கீழே இறங்குகிறதா? மலிவுத் தலைகளில் கட்டாயம் இறங்கும். கொஞ்சம் இறங்கினால் பழகிக்கொள்ளலாம். இறுக்கிய பிறகும் மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டே இருந்தால் அது வேண்டாம். இரண்டு, தலையின் அடியில் இடவலம் சுழற்றத் தனித் திருகு இருக்க வேண்டும். இல்லாவிட்டால் பனோரமா எடுக்க ஒவ்வொரு முறையும் பந்தையே தளர்த்த வேண்டிவரும், தொடுவானம் கோணலாகிவிடும். மூன்று, கேமராவின் அடியில் மாட்டும் தட்டு ஆர்கா-ஸ்விஸ் வகையா என்று கேளுங்கள். அந்தத் தட்டு தொலைந்தால் எந்தக் கடையிலும் வேறு கிடைக்கும், வேறு கம்பெனித் தலையிலும் பெரும்பாலும் உட்காரும். தனக்கென்று தனி வடிவத் தட்டு வைத்திருக்கும் மாடல் என்றால் தட்டு தொலைந்த அன்று டிரைபாட்டும் தொலைந்த மாதிரி.

இன்னொன்று. தலை கழற்றக்கூடியதாக இருக்கட்டும். பெரும்பாலும் கால்களின் மேல் 3/8 அங்குலத் திருகு இருக்கும், கேமராவுக்கு 1/4 அங்குலம். கழற்ற முடிந்தால் பின்னால் கையில் காசு சேரும்போது தலையை மட்டும் மாற்றிக்கொள்ளலாம்.

#12 பொங்கோல்வாசி

அக்கா, இதை எல்லாம் ஷாப்பியில் படத்தைப் பார்த்து எப்படிக் கண்டுபிடிப்பது?

#13 மழைநாள்

முடியாது. அதனால்தான் கடைக்குப் போங்கள் என்கிறேன். சிட்டி ஹால் எம்ஆர்டியில் இறங்கினால் பெனின்சுலா பிளாசா, பெனின்சுலா ஷாப்பிங் சென்டர், கொஞ்சம் நடந்தால் ஃபுனான். ஒரே மாலையில் மூன்றையும் சுற்றிவிடலாம். உங்கள் கேமராவையே கொண்டுபோங்கள். வாங்காவிட்டாலும் பரவாயில்லை, கை பழகிவிடும்.

விலையையும் சரியாக ஒப்பிடுங்கள். முன்பு வெளிநாட்டிலிருந்து வரும் மலிவுப் பொருளுக்குப் பொருள் சேவை வரி இல்லை. 2023 ஜனவரியிலிருந்து 400 வெள்ளிக்குட்பட்ட இறக்குமதிக்கும் வரி உண்டு. இப்போது அது 9 விழுக்காடு. கடைசியில் கட்டும் தொகையைப் பார்த்தால் கடைக்கும் இணையத்துக்கும் நீங்கள் நினைக்கிற அளவு வித்தியாசம் இருக்காது. இங்கே வாங்கினால் பூட்டு கெட்டால் கொண்டுபோய்க் கொடுக்க ஓர் இடமாவது இருக்கும்.

#14 பழையசரக்கு

இத்தனை பேர் பேசியும் பழைய பொருள் விற்கும் கரோசல் தளத்தை யாரும் சொல்லவில்லையே. டிரைபாட்டைப் போலப் பழையது வாங்க ஏற்ற பொருள் வேறு கிடையாது. சென்சார் இல்லை, பேட்டரி இல்லை, பூஞ்சை பிடிக்கும் கண்ணாடி இல்லை. கைநடுக்கம் சொன்ன அந்தக் கட்டிலுக்கடி டிரைபாட் எல்லாம் அங்கேதான் வருகின்றன, பாதிக்கு மேல் ஒரே ஒரு ஜப்பான் பயணம் போனவை. மான்ஃப்ரோட்டோ பீஃப்ரீ அட்வான்ஸ்டு அலுமினியம் 150க்குள் அடிக்கடி கண்ணில் படுகிறது. நான்கு அடுக்கு, சுமார் ஒன்றரை கிலோ, மடித்தால் 40 செ.மீ. இருட்டறை சொன்ன கணக்கில் அப்படியே உட்காரும். அதன் தட்டு அந்தக் கம்பெனியின் பழைய முறைக்கும் ஆர்காவுக்கும் இரண்டுக்கும் பொருந்துகிற வகை. சிருய், பென்ரோவும் வரும்.

விற்பவர் எம்ஆர்டி நிலையத்தில் சந்திக்கலாம் என்பார். பயணிகள் அவசரமாகப் போகிற வாசலில் வேண்டாம், பக்கத்து அடுக்குமாடிப் புளோக்கின் அடித்தளத்துக்குப் போய் அங்கே விரித்துப் பாருங்கள். கால்களை முழுக்க இழுத்துப் பூட்டிவிட்டு உச்சியில் இரண்டு கையையும் வைத்து அழுத்துங்கள். ஏதாவது ஒரு பூட்டு வழுக்கி உள்ளே போகிறதா? அடுத்து உச்சியைப் பிடித்து இடமும் வலமும் முறுக்குங்கள். கால்கள் முறுக்கிக்கொண்டு திரும்பி வந்தால் சரி, "டக் டக்" என்று ஆடினால் மேலிருக்கும் கீல் தேய்ந்திருக்கிறது. அலன் கீ (அறுகோணத் திருகுச் சாவி) இருந்தால் அதை இறுக்கிச் சரிசெய்யலாம், விலையைக் குறைக்கவும் ஒரு காரணம் கிடைக்கும்.

பிறகு கேமராவை மாட்டி லென்ஸின் ஜூமை 135-க்குத் தள்ளி, தூரத்தில் ஏதாவது புளோக் எண்ணைப் பாருங்கள். மேனுவல் ஃபோகஸில் திரையைப் பெரிதாக்கினால் உங்கள் கேமராவில் 5.9 மடங்கு, அப்புறம் 11.7 மடங்கு போகும். 11.7-ல் வைத்துக்கொண்டு ஒரு காலை விரலால் தட்டுங்கள். எண் ஆடும். எவ்வளவு நேரத்தில் அடங்குகிறது என்று பாருங்கள். இரண்டு விநாடிக்குள் நின்றுவிட்டால் உங்கள் கேமராவின் 2 விநாடி டைமரை நம்பிப் படம் எடுக்கலாம். அதற்குப் பிறகும் நடுங்கிக்கொண்டிருந்தால் நன்றி சொல்லிவிட்டு எம்ஆர்டி ஏறுங்கள்.

#15 இருட்டறை

பழையசரக்கு, அந்தக் கடைசிச் சோதனை அருமை. புதியது வாங்கும்போதும் கடையில் அதைச் செய்யலாம். கடைக்காரர் முகத்தைப் பார்க்காதீர்கள்.

எண்ணிலேயே பார்க்க விரும்புபவர்களுக்கு "த சென்டர் காலம்" என்று ஓர் இணையத்தளம் இருக்கிறது. விறைப்பையும் அதிர்வு அடங்குவதையும் கருவி வைத்து அளந்து பட்டியல் போட்டிருப்பார்கள். அங்கே போய்ப் பார்த்தால் பெட்டியில் எழுதிய கிலோவுக்கும் அளந்த எண்ணுக்கும் எவ்வளவு குறைவான சம்பந்தம் என்று புரியும்.

#16 ஜூரோங்பறவை

இடையில் நுழைவதற்கு மன்னிக்கவும். திருகுப் பூட்டு நல்லதா, கொக்கிப் பூட்டு நல்லதா? எனக்கும் வாங்க வேண்டியிருக்கிறது.

#17 எட்டாம்மாடி

கைப்பழக்கம்தான். திருகு என்றால் மூன்று அடுக்கையும் ஒரே கைப்பிடியில் கால் சுற்றுத் திருகித் திறக்கலாம், பையில் எதிலும் சிக்காது. கொக்கி என்றால் பூட்டியிருக்கிறதா என்று பார்த்தவுடன் தெரியும். இருட்டில் திருகை இறுக்கினோமா என்று சந்தேகம் வந்துகொண்டே இருக்கும். பறவைக்குப் போகிறவர் என்றால் உங்களுக்குப் பயண டிரைபாட்டே சரிவராது, தனி இழை தொடங்குங்கள்.

#18 மழைநாள்

கடற்கரை ஆட்கள் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். பொதுவாக "தடித்த குழாயை முதலில் இழு, மெல்லியதைக் கடைசியில்" என்பார்கள். தரையில் அது சரி. ஈஸ்ட் கோஸ்ட், சாங்கி மணலிலோ தண்ணீரிலோ நிற்கும்போது தலைகீழாகச் செய்யுங்கள். அடிக் குழாயை முதலில் முழுக்க இழுத்துவிட்டால் கடைசிப் பூட்டு மணலுக்கும் தண்ணீருக்கும் மேலே நிற்கும். பூட்டுக்குள் மணல் போகாது.

போய்விட்டால் கழற்றிக் கழுவலாம், பயப்பட வேண்டாம். திருகு வளையத்தை முழுக்கத் திருகிவிட்டுக் குழாயை மெல்ல இழுத்தால் வந்துவிடும். குழாயின் மேல் முனையில் பாதி வட்டமாக இரண்டு பிளாஸ்டிக் ஓடுகள் ஒட்டிக்கொண்டிருக்கும். உள்பக்கம் சிறு குமிழ் இருக்கும், அது குழாயிலுள்ள துளையில் உட்கார வேண்டும். ஒரு நேரத்தில் ஒரு காலை மட்டும் கழற்றுங்கள், ஓடுகள் கலந்துபோகாது. நல்ல தண்ணீரில் அலசி, நிழலில் காயவைத்து, மரையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ். ஓடுகளில் எண்ணெய் பட்டால் பூட்டே பிடிக்காது. அலுமினியத்தில் உப்பு நீரை அப்படியே விட்டால் வெள்ளைப் பொடி பூத்துக் குழாய் உள்ளேயே இறுகிக்கொள்ளும்.

#19 பொங்கோல்வாசி

எல்லோருக்கும் நன்றி. அடுத்த சந்தேகம்: விமானத்தில் எப்படிக் கொண்டுபோவது? கையில் எடுத்துப்போகலாமா?

#20 ஓலைச்சுவடி

கையில் வேண்டாம் தம்பி. ஸ்கூட்டில் கைப்பையும் சிறு பையும் சேர்த்து 10 கிலோ, பெரிய பை 54-க்கு 38-க்கு 23 செ.மீ. அளவுக் கணக்கில் டிரைபாட் உள்ளே போய்விடும். எடை கேமரா, மடிக்கணினி, அம்மாவின் மருந்துப் பை என்று எப்படியும் ஏறிவிடும். அதைவிட, பாதுகாப்புச் சோதனையில் டிரைபாட்டை விடுவதும் விடாததும் அன்று நிற்கிற அதிகாரியைப் பொறுத்தது. திரும்பி வரும்போது ஊரில் ஒரு விமான நிலையத்தில் என்னைத் திருப்பி அனுப்பி, மறுபடி வரிசையில் நின்று பெட்டியில் போடச் சொன்னார்கள். குடும்பத்தோடு போகிறவருக்கு அந்த ஓட்டம் தேவையில்லை.

பெட்டியில் போடும்போது தலையைக் கழற்றித் தனியாகத் துணியில் சுற்றுங்கள். கால்களை வேட்டியில் சுருட்டிப் பெட்டியின் நடுவில், ஓரத்தைத் தொடாமல். 40, 42 செ.மீ. என்றால் 20 அங்குலப் பெட்டியிலேயே நேராகக் கிடக்கும்.

இன்னொரு முக்கியமான விஷயம், தஞ்சாவூர். பெரிய கோயில் தொல்லியல் துறைப் பாதுகாப்பில் இருக்கிறது. கையில் கேமரா வைத்து எடுப்பதற்கும் டிரைபாட் விரிப்பதற்கும் அங்கே விதி வேறு, டிரைபாட்டுக்கு முன்அனுமதி வேண்டும். தாராசுரமும் மாமல்லபுரமும் அதே கதைதான். அங்கே குடும்பப் படத்துக்கு யாராவது சுற்றுலாப் பயணியிடம் கேமராவைக் கொடுங்கள்.

#21 கைநடுக்கம்

ஆக தஞ்சாவூரில் விரிக்க முடியாது. கும்பகோணக் கோயில்களுக்குள்ளும் கஷ்டம். கொடைக்கானலில் மட்டும். நான் சொன்னேனா இல்லையா?

#22 இருட்டறை

சொன்னீர்கள், சொன்னீர்கள். ஆனால் அவர் இருப்பது சிங்கப்பூரில். வருடம் முழுக்க இரவு எடுக்க இதைவிட வசதியான ஊர் எங்கே இருக்கிறது? பத்து மணிக்கு மேலும் தனியாக டிரைபாட்டோடு நிற்கலாம்.

பொங்கோல்வாசி, தேக்கா ஒளியூட்டுக்கு ஒரு வார்த்தை. சிராங்கூன் ரோட்டு நடைபாதையில் தீபாவளிக்கு முந்தைய வார இறுதிகளில் டிரைபாட் விரிக்க இடமே இருக்காது, பிறர் காலும் தடுக்கும். வாரநாள், ஒன்பதரைக்கு மேல் போங்கள். பேருந்து விளக்குகள் கோடாக வருவதற்கு 4 முதல் 8 விநாடி போதும். நடைமேம்பாலத்தில் ஏறினால் கோணம் அழகாக இருக்கும். ஆனால் யாராவது நடந்தால் பாலமே அதிரும், எந்த டிரைபாட்டும் அதைத் தடுக்காது. ஆள் கடந்துபோகும்வரை பொறுத்து, தூண் இருக்கும் இடத்துக்கு நேர் மேலே நின்று எடுங்கள். மெர்லயன் பக்கத்து ஜூபிளி பாலத்திலும் ஹீலிக்ஸ் பாலத்திலும் இதே கதை. அங்கே மெதுவோட்டக்காரர்கள் நிற்கவே மாட்டார்கள். பாலத்தை விட்டு இறங்கிக் கரையில் வைப்பது மேல்.

டிரைபாட்டில் வைத்ததும் மெனுவில் ஸ்டெடிஷாட்டை, அதாவது லென்ஸின் நிலைப்படுத்தியை, அணைத்துவிடுங்கள். ஆடாத கேமராவில் அது ஆட்டத்தைத் தேடிக்கொண்டிருக்கும்.

#23 எட்டாம்மாடி

காற்றுக்கு ஒரு குறிப்பு: நடுத்தண்டின் அடியில் கொக்கி இருந்தால் பையை மாட்டலாம். ஆனால் பையின் அடி தரையைத் தொட்டுக்கொண்டிருக்க வேண்டும். தொங்கவிட்டால் காற்றில் பை ஊசலாடி, இல்லாத ஆட்டத்தையும் கொண்டுவந்துவிடும்.

#24 ஓலைச்சுவடி

நட்சத்திரக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன். ஷட்டரை எத்தனை விநாடி திறந்துவைக்கலாம் என்பதற்கு 500-ஐ லென்ஸின் குவியத்தூரத்தால் வகுக்க வேண்டும். உங்கள் சென்சார் சிறியது, அதில் 18 என்பது 27 மாதிரி. 500-ஐ 27-ஆல் வகுத்தால் 18 விநாடி. அதற்கு மேல் போனால் நட்சத்திரம் புள்ளியாக இல்லாமல் கோடாகும். எஃப்3.5, ஐஎஸ்ஓ 3200-ல் தொடங்குங்கள். டிசம்பர் 14-ஐ ஒட்டிப் போனால் ஜெமினிட் எரிகற்கள் உச்சத்தில் இருக்கும். வடகிழக்குப் பருவமழைக் காலம் என்பதால் மேகத்தைப் பற்றி நான் உத்தரவாதம் தரமாட்டேன்.

குடும்பப் படத்துக்கு உங்கள் கேமராவில் 10 விநாடி டைமரிலேயே தொடர்ச்சியாக 3 அல்லது 5 படம் எடுக்கும் வசதி இருக்கிறது. ஐந்தில் ஒன்றிலாவது அப்பா கண்ணைத் திறந்திருப்பார்.

#25 பொங்கோல்வாசி

வாங்கிவிட்டேன்!

முதலில் சிட்டி ஹால் பக்கம் கடைகளைச் சுற்றினேன். கையில் எடுத்துப் பார்த்த பிறகுதான் நீங்கள் எல்லோரும் சொன்னது புரிந்தது. ஐந்து அடுக்குக் கார்பன் ஒன்று தூக்கும்போது மனத்தை மயக்கியது. 11.7-ல் வைத்துத் தட்டினேன், எண் அடங்குவதற்குள் கடைக்காரர் இன்னொரு வாடிக்கையாளரையே கவனித்து முடித்துவிட்டார். அதே கடையில் நான்கு அடுக்கு அலுமினியம் சட்டென்று நின்றது, விலைதான் 189.

அப்புறம் கரோசலில் பீஃப்ரீ அட்வான்ஸ்டு, செங்காங்கில் ஒருவர் 120 போட்டிருந்தார். ஒரு காலில் ரப்பர் அடி இல்லை, மேல் கீல் லேசாக ஆடியது. பழையசரக்கு சொன்னபடி அதைக் காட்டிப் பேசினேன், 105-க்குத் தந்தார். வீட்டுக்கு வந்து கீலை இறுக்கினேன், ஆட்டம் போய்விட்டது. நடுத்தண்டைத் தூக்காமல் என் நெஞ்சுக்குச் சற்று மேலே வருகிறது, திரையைச் சாய்த்தால் வசதியாகவே இருக்கிறது. தேக்காவில் நேற்று இரவு பத்து மணிக்குப் போய் 6 விநாடி வைத்து எடுத்தேன். தோரணத்தில் இருக்கிற மயிலின் தோகையில் ஒவ்வொரு விளக்கும் தனித்தனியாகத் தெரிகிறது.

மிச்சம் 45 வெள்ளி. வீட்டில் சொல்லவில்லை.

#26 பழையசரக்கு

நல்ல விலை. ரப்பர் அடி தனியாகக் கிடைக்கும், மூன்றாகவே வாங்கி மாற்றிவிடுங்கள். ஒன்று மட்டும் புதிதாக இருந்தால் உயரம் வித்தியாசப்படும். அதே வகைத் தட்டு ஒன்று உபரியாக எடுத்துக் கைப்பையில் போடுங்கள். கொடைக்கானலில் தேடிக்கொண்டிருக்க முடியாது.

#27 மழைநாள்

தலையைக் கழற்றிப் பெட்டியில் போடப் போகிறீர்கள் என்றால், அதை மறுபடி மாட்டுகிற அலன் கீயையும் அதே துணிக்குள் சுற்றிவிடுங்கள். கைப்பையில் வேண்டாம்.

#28 ஜூரோங்பறவை

அந்த 189 வெள்ளி அலுமினியம் எந்தக் கடை, எந்த மாடல் என்று தனிச்செய்தி அனுப்ப முடியுமா? எனக்கு ரப்பர் அடி மூன்றும் வேண்டும். :)